'இங்கே வா': தோட்டத் தமிழின் ஒலிச்சாட்சி

பேசுவோர் எவரும் எஞ்சாத ஒரு மொழி எப்படி ஒலித்தது என்பதை யாரிடம் கேட்டறிவது? ஐரோப்பாவின் கோதிக் மொழியை ஆராய்ந்தோருக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

ஒன்று, உடையவரே செய்த எழுத்து. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் கோத்தியரின் மொழிக்கென எழுத்தமைத்து பைபிளை மொழிபெயர்த்தார். கிரேக்கப் பெயர்களில் வரும் குற்றெகரத்தை அவர் அகரமும் இகரமுமாக இரண்டு எழுத்துக்களால் எழுதினார். அவ்விரட்டை எழுத்து எகரமாகவும் ஒலித்தது என்பதை அப்பெயர்களே காட்டிக்கொடுத்தன. மற்றையது, அந்நியரின் காது. 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புலில் ஹப்ஸ்பர்க் தூதராயிருந்த புஸ்பெக், கிரிமியாவிலிருந்து வந்த இருவரைச் சந்தித்தார். கோத்திய வழிவந்தவர் தம் மொழியை மறந்திருந்தார். அதைப் பழகியிருந்த கிரேக்கர் ஒருவர் சொல்லச் சொல்ல, சுமார் 80 சொற்களைத் தாம் கேட்டவாறு புஸ்பெக் குறித்துக்கொண்டார்.

நமது தமிழுக்கும் இவ்விரு சாட்சிகளும் உண்டு. முதலாவது அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோரின் நூல்கள் வழியாக அது இலங்கையிலும் வேரூன்றியது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகள் கூட்டப்பட்டன. எகர, ஒகரங்களுக்குத் தனிக்குறிகள் உண்டாயின. தம் நாவின் ஒலியைத் தாமே எழுதிவைத்த சமூகம் அது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழருக்கோ இரண்டாவது வகைச் சாட்சியே மிகுதி. துரைமார் தமிழ் பழகுவதற்கென 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு கையடக்க நூலை வெளியிட்டனர். அதன் பெயரே 'இங்கே வா அல்லது சின்னத்துரையின் தமிழ் வழிகாட்டி'. 1915இல் வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' வந்தது. பெயர்களில் உள்ள இழிவு ஒருபுறமிருக்க, ரோமன் எழுத்தில் துரைமார் எழுதியவற்றில் நம்மவரின் ஒலி தங்கியிருக்கிறது.

'கங்காணி' என்பதில் இரு ககரங்களுக்கும் தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலேயரோ ஒன்றை வல்லொலியாகவும் மற்றதை மெலிந்த ஒலியாகவும் வேறுபடுத்தி எழுதினர். தமிழகத்தில் 'ச்சின்ன' என்று தொனிக்க எழுதப்படும் பெயர்கள் இலங்கையில் 'ஸின்ன' என்றே பதிவாயின. 'துரை' பல இடங்களில் 'தொரை' ஆனது. இலட்சுமி 'லெச்சுமி'யாகி, இற்றைவரை அடையாள அட்டைகளில் அப்படியே வாழ்கிறாள். எழுதுவினைஞரின் பிழை என்று நாம் சிரிக்கும் எழுத்துக்கள், உண்மையில் ஒரு தாய் தன் மகளை அழைத்த குரலின் தடயங்கள்.

எனினும் அந்நியரின் காதுக்கு எல்லையுண்டு. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் அதற்கு ஒன்றே. 'கொழுந்து' என்பதை லயத்தில் எப்படி உச்சரித்தார்கள் என்று அவ்வெழுத்தால் சொல்ல முடியாது. அரபுத்தமிழ் ஏடு அவற்றைப் பிரித்தே எழுதும். அதைவிடப் பெரிய குறை, கேட்டவரின் நோக்கம். அந்நூல்கள் துரை பேசுவதற்காக எழுதப்பட்டவை. 'இங்கே வா' என்ற ஏவல் அட்டையிலேயே அச்சேறியது. அடுப்படியில் பேசியதும் ஒப்பாரியில் அழுததும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. ஒரே லயத்தில் கேட்ட குரல்கள் கடலின் இருபுறமும் சிதறின. எஞ்சியோரைச் சூழ்ந்திருப்பது சிங்களம். சப்ரகமுவவின் கடைத்தெருக்களில் தலைமுறைகளாக அவர்களோடு தமிழில் கொடுத்து வாங்கிய முஸ்லிம்களுக்கும் இதில் பங்குண்டு.

கிரிமியக் கோத்தியருக்கு எஞ்சியது ஒரு வழிப்போக்கரின் சொற்பட்டியல். நம்மிடமோ இன்று ஒலிப்பதிவு செய்யும் கருவி சட்டைப்பையிலேயே இருக்கிறது. சொல்லக்கூடிய முதியோரும் இருக்கிறார்கள். 'இங்கே வா' என்று அழைக்காமல், நாம் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கவேண்டிய காலம் இது.