சொந்த நிலத்தில் வீடு கட்டுவோர் கவனத்திற்கு

மலேசியாவில் வீட்டு வரைபடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் அங்கீகாரம் கிடைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் (சிஐடிபி) பதிவு பெற்றவரா என்று முன்கூட்டியே சரிபாருங்கள்.

முன்பணம் குறைவாக இருக்கட்டும். அடித்தளம், தூண், கூரை எனக் கட்டடக் கலைஞர் உறுதிப்படுத்திய வேலைக்கு மட்டும் பணம் செலுத்துங்கள். ஓடு, கதவு, குழாய் ஆகியவற்றின் ரகம், விலை, வந்துசேரும் நாள் ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இடையில் மாற்றம் செய்தால், கூடுதல் செலவை முதலில் எழுத்தில் வாங்குங்கள். குறைகளைத் திருத்தும் காலம் முடியும்வரை ஒரு தொகையை நிறுத்திவையுங்கள்.

குடியேறுவதற்குத் தேவையான சிசிசி சான்றிதழை 2007 முதல் வழங்குபவர், வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியாளர் போன்ற தொழில்முறை நிபுணர்தான். அவருடன் பாதியில் பிணக்கு ஏற்பட்டால், வீடு முடிந்தும் குடிபுக முடியாமல் போகலாம்.