ஒரு சால்வைக்கு ரெண்டு நூல்

செட்டிபாளையத்தில மட்டக்களப்பு–கல்முனை வீதியில நிண்டா, வடக்கே குருக்கள்மடம், ஆரையம்பதி தாண்டிக் காத்தான்குடி. தெற்கே களுவாஞ்சிகுடி, கல்லாறு தாண்டி மருதமுனை. ரெண்டு முனையிலயும் தறி பழகின முஸ்லிம் ஊர்கள். நடுவில நீளத்துக்குத் தமிழ்க் கிராமங்கள். கைத்தறி எண்டதும் "பாரம்பரியம்" எண்டு பெருமூச்சு விட்டு முடிச்சிடுறோம். இந்த வீதியை விட்டிட்டு அந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

கம்பளியால பின்னுற சால்வைக்கு நம்ம வெக்கையில வேலை இல்ல. இங்க சால்வை தோளில போடுற பருத்தித் துணிதான். நீளவாக்கில ஓடுற நூல் பாவு, குறுக்க போறது ஊடை. பாவுக்கு நீலமும் ஊடைக்குப் பச்சையும் போட்டா மயில்கழுத்து நிறம் வரும். சாயத்தைக் கலக்கிறதே இல்ல. துணியை அசைக்க அசைக்க ஒருக்கா நீலம், ஒருக்கா பச்சை. கரைக்கு வேற நிறம் வேணுமெண்டா பாவு ஓட்டும்போதே முடிவெடுக்கணும். தறியில ஏறினபிறகு அதை மாத்த ஏலாது. ஊடையை எப்பவும் மாத்தலாம், நாடாவில வேற தார் போட்டாச் சரி. அதனால ஒரே பாவில பல நிறச் சால்வை நெய்யலாம். ஆனா ஒண்டு: பாவு ஓட்டுறதுக்குப் பல சால்வைக்கான நூல் முதல்லயே கையில இருக்கணும். நூல் நம்ம ஊரில விளையிற சாமானும் இல்ல.

அதனாலதான் கொழும்பில எடுத்த முடிவு நேரா தறிக்கு வந்து விழுந்தது. 1970–77 காலத்தில வெளிநாட்டுத் துணி இறக்குமதி இறுக்கமா இருந்தது, கைத்தறிக்கு விற்பனை இருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, மலிவுத் துணி வந்து குவிஞ்சது. சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க, திறந்த பொருளாதாரத்துக்கும் இனமுறுகலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1984இலேயே எழுதினவர். கிழக்கின் தறிகளை வச்சும் அப்பிடியொரு ஆய்வை நம்ம ஆக்கள் செய்யலாம்.

பிறகு வீதியே அறுந்தது. 1990 யூலையில, செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரான குருக்கள்மடத்தில, இந்த வீதியால பயணம் போன முஸ்லிம்களைப் புலிகள் கடத்திக் கொண்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில இராணுவம் தமிழர்களைக் கொண்டது. நெய்றவர் ஒரு ஊர், உடுத்துறவர் இன்னொரு ஊர் எண்டிருந்த இடத்தில, துணி மூட்டையோட அடுத்த ஊருக்குப் போறதுக்கே ஆளுக்குப் பயம். தறி நிண்டதுக்கு "இளம் ஆக்களுக்கு ஆர்வமில்ல" எண்டு காரணம் சொல்றவங்க இந்த வருசத்தை ஏன் தாண்டிப் போறாங்க?

2004 டிசம்பர் 26 கடல் மருதமுனைக்குள்ள வந்தது, வீடுகளோட தறிகளும் போச்சு. திரும்பவும் தறி போட்டு, அங்க இப்பவும் சாரமும் சேலையும் நெய்யிறாங்க. செட்டிபாளையத்தில இருந்து பஸ் ஏறினா ஒரு மணித்தியாலம்கூட ஆகாது.