சிக்கனத்தின் உழைப்புக் கணக்கு: ஒற்றை வருமானக் குடும்பமும் குழந்தைக்கான நேரமும்

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் நகர்ப்புறக் குடும்பத்தில், மகப்பேறு விடுப்பு முடியும் தறுவாயில் ஒரு கேள்வி எழுகிறது: இருவரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு இருந்தால் குடும்பம் ஓடுமா? மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது. விடுப்பு எவ்வளவு நீண்டாலும் அது முடியும் நாளில் கேள்வி அப்படியே நிற்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் விடை ‘சிக்கனம்’. ஓட்டல் சாப்பாட்டை நிறுத்து, கடை மாவை வாங்காதே, ஆட்டோவில் போகாதே, வீட்டு வேலைக்கு வருபவரை நிறுத்து, மசாலாவை வீட்டிலேயே அரைத்துக்கொள் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தப் பட்டியலின் அடிப்படையிலேயே பிழை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதில் உள்ள செலவுக் குறைப்புகளில் பெரும்பாலானவை பணத்தை உழைப்பாக மாற்றுகின்றன. குழந்தைக்காக வீட்டில் தங்கியவரின் நேரத்தையே அவை தின்கின்றன. ஒரு செலவைக் குறைப்பது தகுமா என்று முடிவு செய்ய, எத்தனை ரூபாய் மிச்சம் என்பதோடு, அந்த மிச்சம் யாருடைய எத்தனை மணி நேரத்தால் வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கான கருவிகளைப் பொருளியல் வெகுகாலம் முன்பே வடித்துவிட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934இல் வெளியிட்ட நூலில், கூலிக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடிய எந்த வீட்டு வேலையும் உற்பத்தியே என்று வரையறுத்தார். கேரி பெக்கர் 1965இல் எழுதிய கட்டுரை, குடும்பம் பொருளையும் நேரத்தையும் சேர்த்தே தன் தேவைகளை நிறைவேற்றுகிறது என்றும், ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும் என்றும் காட்டியது. இட்லி மாவையே பார்க்கலாம். கடையில் பாக்கெட் மாவு வாங்காமல் வீட்டில் அரைத்தால் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் மிஞ்சுவது உண்மை. ஆனால் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, கிரைண்டர் ஓடும்போது கூடவே நின்று தள்ளிவிட்டு, அள்ளி, கரைத்து, கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒருவர் வேலை செய்திருக்கிறார். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலை குழந்தையை வேறெங்காவது உட்கார வைத்துவிட்டுத்தான் நடக்கும். இயந்திரங்கள் வந்ததால் இந்தச் சுமை தானாகக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் சான்று இல்லை. அமெரிக்காவில் முழுநேர இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள் என்றும், துவைக்கும் இயந்திரமும் குளிர்பெட்டியும் பரவிய 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது என்றும் ஜோன் வானெக் 1974இல் காட்டினார். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தைத் தூய்மை பற்றிய கூடுதல் எதிர்பார்ப்புகள் எடுத்துக்கொண்டன என்பதே ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய வரலாற்றின் சாரம்.

இந்தியத் தரவும் இதையே சுட்டுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அவற்றுக்குச் செலவிடுகின்றனர். குழந்தைகள், முதியோர் முதலான வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்களுக்கு அது 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஆண், பெண் இடைவெளி பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது; அதே அளவுக்குக் கவனிக்க வேண்டிய இன்னொன்று இந்த எண்களுக்குள் இருக்கிறது. சமைப்பது, துலக்குவது, துவைப்பது, பெருக்குவது ஆகியவை பெண்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம், பராமரிப்பு எடுத்துக்கொள்வதைப் போல் இருமடங்குக்கும் மேல். வீட்டில் தங்குவது தானாகவே குழந்தையோடு இருப்பதாகிவிடாது. சமையலறைச் சிக்கனம் கூடக்கூட முதல் எண் வளரும், இரண்டாவது எண் நெருக்கப்படும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கும் தாயின் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சிக்கல் இருப்பது உண்மையே. ஆனால் அந்தச் சிக்கலே, இரு வேலைகளும் ஒன்றையொன்று நெருக்குவதற்குச் சாட்சி.

உழைப்பைக் கூட்டாமல் செலவைக் குறைக்க வழி உண்டா? 2022-23ஆம் ஆண்டு குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு தமிழக நகர்ப்புறத்தின் சராசரி மாதச் செலவை ஒருவருக்கு 7,630 ரூபாய் என்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். இந்திய நகர்ப்புறங்களில் உணவின் பங்கு 39.17 சதவீதம், அதற்குள் மிகப் பெரிய தனிப்பகுதி பானங்களும் பதப்படுத்திய, சமைத்த உணவுகளும்தான், 10.64 சதவீதம். சிக்கன அறிவுரை முதலில் கை வைப்பது இங்கேதான். இந்தப் பத்து சதவீதத்தில் பாதியை வெட்டினாலும் கிடைப்பது மொத்தச் செலவில் ஐந்து சதவீதம்; அதுவும் அடுப்படி உழைப்பாகத் திரும்பி வரும். ஒரு முழுச் சம்பளம் நின்றுபோன பள்ளத்தை அது நிரப்பாது. பள்ளத்தின் அளவுக்கு நிகரான செலவுகள் வேறிடத்தில் உள்ளன: வாடகை, பள்ளிக் கட்டணம், வாகன, வீட்டுக் கடன் தவணை, நகைக்கடன் வட்டி, விசேஷங்கள். இவை மாதந்தோறும் கேட்காமலே போய்விடுவதால் ‘செலவு’ என்றே மனத்தில் படுவதில்லை. எலிசபெத் வாரனும் அமீலியா வாரன் தியாகியும் 2003இல் அமெரிக்காவை முன்வைத்துச் சொன்னதும் இதுவே. 1970களின் ஒற்றை வருமானக் குடும்பத்தைவிட, முப்பதாண்டு கழித்து இருவர் சம்பாதித்த குடும்பம் விலைவாசியைக் கழித்த பிறகும் ஏறத்தாழ 75 சதவீதம் கூடுதலாக ஈட்டியது. ஆனால் வீட்டுக் கடன், கார், காப்பீடு, குழந்தைச் செலவு, வரி போக அதன் கையில் மிஞ்சியது குறைவு. நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீடு பிடிக்கும் போட்டியே வீட்டு விலையை உயர்த்தியது என்பது அவர்கள் தந்த விளக்கம். உணவிலும் உடையிலும் அந்தக் குடும்பங்கள் ஊதாரிகளாக இல்லை.

நம் நகரங்களில் வீட்டுப் போட்டியின் இடத்தில் பள்ளிக் கட்டணமே நேரடியாக நிற்கிறது. மூன்று, நான்கு வயதில் எல்.கே.ஜி. சேர்க்கை தொடங்கிவிடுகிறது, கூடவே வேன் கட்டணம், அதன்பின் டியூஷன். குழந்தையோடு இருப்பதற்காக ஒருவர் வேலையை விட்டுவிட்டு, அந்தக் குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரும் பொறுப்பை இன்னொருவரிடம் பணம் கட்டி ஒப்படைப்பது, ஒரே பொருளை இருமுறை விலை கொடுத்து வாங்குவது. உழைப்பைக் கூட்டாத செலவுக் குறைப்புக்குத் தமிழ்நாட்டில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அரசுப் பள்ளி. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும், தலைமுறைகளாகத் தொடரும் மதிய உணவும், பணத்தோடு சேர்த்துக் காலை நேரச் சமையலையும் டிபன் டப்பா கட்டும் வேலையையும் மிச்சப்படுத்துகின்றன. நான் தேடும் வகைச் சேமிப்பு இதுவே: ரூபாயும் மிஞ்சுகிறது, மணியும் மிஞ்சுகிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அவர்களில் உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. நீண்டகால ஆதாயமும் ஒருபக்கமாகத் தனியார் பள்ளியின் தட்டில் மட்டும் இல்லை.

பெரிய செலவுகள் எல்லாமே இந்தச் சோதனையில் தேறிவிடும் என்று சொல்ல வரவில்லை. வாடகையைக் குறைக்க வேளச்சேரியிலிருந்து கூடுவாஞ்சேரிக்குக் குடிபெயர்ந்தால், சம்பாதிப்பவர் அன்றாடம் ரயிலில் கூடுதல் நேரம் கழிக்கிறார். வீட்டில் இருப்பவர் அத்தனை நேரம் கூடுதலாகத் தனியே குழந்தையைப் பார்க்கிறார். பெற்றோர் வீட்டோடு போய்ச் சேர்ந்தால் வாடகை மிச்சம்; பாட்டி தாத்தாவின் கை உதவி கிடைக்கலாம், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேரலாம். மொய் இன்னும் நுட்பமானது. வாங்கிய மொய் கடன். அதைத் திருப்பிச் செய்யாமல் இருப்பது சிக்கனமாகாது, ஊர் அதை நினைவில் வைத்திருக்கும். குறைக்க முடிவது தன் வீட்டுக் காதுகுத்து, சடங்கு ஆகியவற்றின் அளவும் அவற்றுக்காக வாங்கும் கடனும்தான். ஆகவே நிலைச் செலவு, அன்றாடச் செலவு என்ற பாகுபாடு ஒரு தொடக்கம் மட்டுமே. ஒவ்வொரு வெட்டிலும் யாருடைய நேரம் போகிறது என்ற கேள்விதான் இறுதி அளவுகோல்.

இனி, வேலையை விடுவதால் உண்மையில் எவ்வளவு இழக்கிறோம் என்ற கணக்கு. இரண்டாவது சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக் காப்பகம், பயணம், உடை, அவசரத்துக்கு வாங்கும் சாப்பாடு ஆகியவற்றுக்கு அதில் 9,000 போகிறது என்றால், உண்மையான இழப்பு 11,000தான் என்று சிக்கன ஆலோசகர்கள் கூட்டிக் கழித்துக் காட்டுவார்கள். கணக்கு சரிபோலத் தோன்றினாலும் அதில் இரு ஓட்டைகள் உள்ளன. காப்பகச் செலவு ஏன் முழுவதும் மனைவியின் சம்பளத்தில் மட்டும் கழிக்கப்பட வேண்டும்? குழந்தை இருவருக்கும் பொது. செலவும் இரு சம்பளங்களுக்கும் பொது. இன்னொன்று, மாதக் கணக்கு வருங்காலத்தைக் காட்டாது. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. எட்டாம் ஆண்டில் விலகித் திரும்பாதவர் அந்தத் தகுதியை அடைவதில்லை. ஊதிய உயர்வும் பணி மூப்பும் நின்றுபோகின்றன. இந்த இழப்பு வீட்டில் தங்கியவரின் பெயரில் மட்டும் விழுகிறது. மிச்சமாகும் ரூபாயோ குடும்பத்தின் பெயரில் சேர்கிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும்: இந்த வாதம் சுற்றி வளைத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பும் வாதம்தானே? மேற்சொன்ன நேரக் கணக்கைப் பார்த்தவர் அப்படி அஞ்சுவது நியாயம். ஆனால் அந்த அச்சத்தை மெய்யாக்குவது உழைப்பை மறைக்கும் சிக்கனம். உழைப்பைக் கணக்கில் எழுதும் முறை அதற்கு நேர் எதிரானது. மணிக்கணக்கு வெளியே வந்தால், வீட்டில் தங்குவது தந்தையாக இருக்கலாமா, இருவரும் முறைவைத்து மாறலாமா, அரை நாள் வேலை போதுமா என்றெல்லாம் பேச இடம் பிறக்கும். கணக்கைப் போட்டபின், பக்கத்தில் நல்ல காப்பகமும் இரு சம்பளமுமே தங்களுக்கு ஏற்றவை என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னதை நடைமுறைப்படுத்துவது அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மிக அவசரமான தேவை. மற்றொரு மறுப்பு, ஏழைக் குடும்பங்களிடம் வெட்டுவதற்கு எதுவுமே இல்லை என்பது. அது முற்றிலும் உண்மை. அவர்களுக்குச் சிக்கன உபதேசம் செய்வது கொடுமை. அவர்கள் விஷயத்தில் செலவைக் குறைப்பது பொது ஏற்பாடுகளின் கடமை. 2011 முதல் விலையில்லாமல் தரப்படும் ரேஷன் அரிசி, 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை ஆகியவை இந்தக் கடமையின் பகுதிகள். இவை ஒரு சம்பளத்துக்கு ஈடாகா. ஆனால் யாருடைய உழைப்பையும் கூட்டாமல் ரூபாயை மிச்சப்படுத்துகின்றன.

மிச்சமாகும் பணம் யாருடையது என்ற கேள்வியைக் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு சொத்து வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்று கூறி, அவருக்குச் சமபங்கு உண்டு என்றது. வழக்காடித் தீர்ப்பு வாங்கும்வரை காத்திருக்காமல், வேலையை விடும் முடிவோடு சேர்த்தே இதைப் பேசி முடிக்கலாம். வீட்டில் தங்குபவரின் பெயரில் பொது வருங்கால வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வேலையில் இருந்தால் பிடித்தமாகியிருக்கும் அளவு தொகையை மாதந்தோறும் மற்றவரின் சம்பளத்திலிருந்து கட்டலாம். சீட்டு, நகை, மனை எதுவாயினும் இருவர் பெயரையும் எழுதலாம். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்ற சலுகையும் 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் தொகையையும் சேர்த்த பிறகு ஒற்றை வருமானம் போதுமா என்று பார்ப்பதே நேர்மையான வரவு செலவுத் திட்டம். அது போதவில்லையென்றால், அடுத்து வெட்ட வேண்டியதைக் கல்யாண மண்டப வாடகையிலும் வேன் கட்டணத்திலும் தேட வேண்டும். வீட்டில் இருப்பவரின் தூக்கத்திலும் அவருடைய முதுமைக்கான பணத்திலும் தேடக் கூடாது.