உறக்க மூச்சுத்தடை

உறங்கும்போது மூச்சு குறைந்தது 10 வினாடி நின்றோ பெரிதும் தளர்ந்தோ, பின் மீண்டு, இரவு முழுவதும் பலமுறை இவ்வாறே நிகழும் நோய் உறக்க மூச்சுத்தடை எனப்படும். பெரியவர்களுக்கு இத்தடை மணிக்கு 5 முதல் 15 வரை ஏற்பட்டால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என வகுப்பர்.

மிகுதியாகக் காணப்படுவது அடைப்பு வகை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்சரிந்து மூச்சுவழியை அடைக்கின்றன. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றாலும் காற்று உட்செல்லாது. குருதியில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை நொடிப்பொழுது விழித்துத் தசைகளை இறுக்க, பெருங்குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. இவ்விழிப்பு பெரும்பாலும் உறங்குபவருக்கே தெரியாது. உடற்பருமன், தடித்த கழுத்து, மது, தூக்க மாத்திரை, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகும். தாடை சிறுத்துப் பின்தள்ளியிருந்தால் ஒல்லியானவருக்கும் இது வரும். குழந்தைகளிடம் வீங்கிய டான்சிலும் அடினாய்டுமே முதன்மைக் காரணங்கள்.

மைய வகையில் வழி திறந்தே இருக்க, மூச்சு விடுமாறு மூளைத்தண்டு இடும் கட்டளை நின்றுபோகிறது. இதயச் செயலிழப்பு, பக்கவாதம், அபின் சார்ந்த வலிநீக்கிகள் ஆகியவை இதனை உண்டாக்கும். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் நலமானவருக்கும் இது தோன்றலாம் என்றாலும், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மேகமலையில் உறக்கம் கெடுவோர் மலையின் மீது மட்டும் பழிபோடுவது பொருந்தாது. ஒரே இரவில் இவ்விரு வகைகளும் கலந்து வருவதும் உண்டு.

இந்நோயின் பகல்நேரக் கேடு உறக்கக் கிறக்கமாகும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு, போடிமெட்டு அல்லது குமுளி வழியாக விடியலில் மலையேறும் ஜீப் ஓட்டுநருக்குக் கொண்டை ஊசி வளைவில் ஒரு கணம் கண்ணயர்ந்தாலே பல உயிர்களுக்கு ஆபத்து. குறைந்த நேர உறக்கமும் இதே கிறக்கத்தைத் தரும். ஆனால் போதிய நேரம் உறங்கியும் சோர்வு நீங்காதவரிடம் மூச்சுத்தடையை ஐயுறவே வேண்டும். சிகிச்சை பெறாவிடில் இரத்த அழுத்தம் உயரும். இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடும்.

இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை ஆகியவற்றைப் பதியும் உறக்க ஆய்வு, நோயின் வகையைப் பிரித்தறிய உதவும். அடைப்பு வகைக்கு, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவி முதன்மைச் சிகிச்சையாகும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இதனை வெளியிட்டார். மைய வகைக்கு அடிப்படை நோயை முதலில் கவனிக்க வேண்டும்.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்வது தவறு. குறட்டை இடையில் நின்று, திணறலுடன் மீளக் காணும் வீட்டார் அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.