பிளந்த நிலமும் பிறந்த கடலும்: ஜப்பான் கடல் கூறும் வரலாறு

ஜப்பானியத் தீவுகளுக்கும் ஆசியப் பெருநிலத்திற்கும் இடையே விரிந்து கிடப்பது ஜப்பான் கடல். கொரியர் இதனைக் கிழக்குக் கடல் என்பர். இதன் ஆழம் சில இடங்களில் 3,000 மீட்டரைக் கடக்கிறது. இத்துணை ஆழ்ந்த கடல் தொன்றுதொட்டே அங்கு இருந்திருக்கும் என நாம் எண்ணுதல் இயல்பு. ஆயினும் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் இக்கடல் இல்லை. ஜப்பான், ஆசியக் கண்டத்தின் கீழைக் கரையோடு ஒட்டிக் கிடந்தது. இவ்வுண்மை எவ்வாறு நிறுவப்பட்டது என்பதே இவ்வுரையில் நாம் காணவிருக்கும் பொருள்.

கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தை ஜெர்மானிய அறிஞர் வெகனர் 1912ஆம் ஆண்டில் முன்வைத்தார். இயற்பியலாளரும் தாய்மொழியில் சிறந்த கட்டுரையாளருமாகிய தெராடா தொராஹிக்கோ, 1920களின் இறுதியில், ஜப்பானும் கண்டத்தினின்று விலகி வந்திருக்கலாம் எனக் கருதினார். கருத்து பிறந்துவிட்டது; ஆனால் நிலத்தை நகர்த்திய விசை யாது, நகர்ந்த காலம் எது என்னும் வினாக்களுக்கு அன்று விடை இல்லை.

1960களில் புவித்தட்டுக் கொள்கை வலுப்பெற்றபின் வழி திறந்தது. பசிபிக் தட்டு ஜப்பானின் அடியில் சரிந்து இறங்குகிறது. ஆழத்தில் அது வெளியிடும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. உருகிய குழம்பு மேலெழுந்து, வில்போல் வளைந்த எரிமலை வரிசையைத் தோற்றுவிக்கிறது. அவ்வில்லின் பின்புறத்தே நிலவோடு இழுபட்டு, மெலிந்து, பிளந்து, கடல் புகும் பள்ளமாவதும் உண்டு. இதனைப் பின்வில் படுகை எனலாம். மேற்குப் பசிபிக்கின் இத்தகைய படுகைகள் இழுவிசையால் திறந்தவை என்பதை அமெரிக்க ஆய்வாளர் டேனியல் காரிக் 1971இல் விளக்கினார்.

இவ்விளக்கத்திற்குப் பாறைகள் சான்று பகர்கின்றனவா? வடக்கு ஜப்பானின் அகித்தா வட்டாரத்துப் படிவுகளைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்ப்போம். அடியில் நிலத்து எரிமலைப் பாறைகளும், இலைத்தடங்கள் பதிந்த ஏரி, ஆற்றுப் படிவுகளும் உள்ளன. அவற்றின்மேல் ஆழமற்ற கடலின் கிளிஞ்சல் அடுக்கு. அதற்கும் மேலே டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளின் ஓடுகள் செறிந்த ஆழ்கடற் களிப்பாறை. நிலம் தாழ்ந்து, கடல் புகுந்து, பின் ஆழ்ந்த முறையை இவ்வரிசையே உரைக்கிறது. அகித்தாவின் எண்ணெய்க்கு மூலம் இக்களிப்பாறையே. கடல் புகுந்த காலத்து அங்கு வெப்பமும் மிகுந்திருந்தது. இன்று பனி கொட்டும் தொயாமா வட்டாரத்தில், ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டு பழமையுடைய படிவுகளில், நம் கடலோரங்களில் காணும் அலையாத்தி மரங்களின் மகரந்தம் கிடைத்துள்ளது.

இவ்வடுக்குகளிடையே வெடித்துச் சிதறிய எரிமலைச் சாம்பல் பெருமளவில் படிந்துள்ளது. வெந்நீரால் அதன் கனிமங்கள் மாறிப் பச்சை நிறம் பெற்றமையால் அதனைப் பச்சைச் சாம்பற்கல் என்பர். 1923இல் திறக்கப்பட்ட தோக்கியோ இம்பீரியல் விடுதிக் கட்டடத்தை அணிசெய்த ஓயாக் கல் இவ்வினத்தது.

வேறு இரு சான்றுகளும் இதனோடு பொருந்தின. பாறைகள் உருவானபோது பதிந்த காந்தத் திசையை 1980களில் அளந்த அறிஞர்கள், தென்மேற்கு ஜப்பான் வலஞ்சுழியாக 40 பாகைக்கு மேலும், வடகிழக்கு ஜப்பான் இடஞ்சுழியாகவும் திரும்பியிருப்பதைக் கண்டனர். இரட்டைக் கதவு திறந்தாற்போல் நிலம் விலகியிருக்கிறது. 1989இல் ஆய்வுக்கப்பல் கடலடியைத் துளைத்தபோது, படிவுகளின் கீழே ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையுடைய எரிமலைப் பாறை வெளிப்பட்டது.

அகித்தாவின் கொசாக்கா சுரங்கத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் மக்கள் தாதுவை வெட்டி வந்தனர். செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி, பொன் ஆகியன கலந்த அக்கருந்தாது, பண்டைக் கடலடியில் பீறிய வெந்நீரூற்றுகள் படியவைத்தது என ஜப்பானிய அறிஞர் பலர் வாதிட்டனர். 1979இல் கிழக்குப் பசிபிக்கின் அடியில் கரும்புகை கக்கும் ஊற்றுகள் காணப்பட்டன. 1980களின் இறுதியில், இன்றும் திறந்துவரும் பின்வில் படுகையாகிய ஒகினாவாப் பள்ளத்திலும் அத்தகைய ஊற்றுகளும் தாதுக்களும் கண்டறியப்பட்டன. பாறையிலிருந்து உய்த்துணர்ந்ததைக் கடல் நேரில் காட்டிற்று.

தெராடாவின் கருத்து உண்மையாக நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. படிவும் காந்தமும் துளைப்பும் தனித்தனியே ஒரே விடையைத் தந்தபோதே அது அறிவாயிற்று. மாணவர்க்கு முடிவை மட்டுமன்றி, முடிவுக்கு வந்த இவ்வழியையும் நாம் கற்பித்தல் வேண்டும். மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்கே உள்ள அந்தமான் கடலும் ஒரு பின்வில் படுகையே. அதன் நடுவே தரை இன்றும் விரிகிறது. பாரன் தீவு எரிமலை கனல்கிறது. ஐராவதி ஆறு வண்டலைக் கொணர்ந்து கொட்டுகிறது. ஜப்பானில் நாம் பாறையாகப் படித்தது, இங்கே இன்னும் சேறாகவே படிந்துகொண்டிருக்கிறது.