நிறுத்தல் அளவை

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இந்த மாவட்டத்தின் பிழைப்பு மொத்தமும் லாரியில் ஏறிக் கடந்து போவதைப் பார்த்துவிடலாம். சிப்காட்டுக்குப் போகும் ரசாயன டேங்கர், பாடிக்கு மேலே பனைமர உயரம் அடுக்கிய கரும்பு, நெல் மூட்டை, ஈரம் சொட்டச் சொட்டப் போகும் ஆற்று மணல். இவற்றைக் கைகாட்டி ஓரங்கட்டும் அதிகாரிக்கு அரசுப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். டிரைவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்களுக்கு அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'.

அந்தப் பட்டப்பெயருக்குள் ஒரு முழுச் சட்டப் பார்வை உட்கார்ந்திருக்கிறது. அரசு லாரியைப் பார்க்கிறது என்றால் பிரேக்கைப் பார்க்கிறது, டயரைப் பார்க்கிறது, டிரைவரின் லைசென்ஸைப் பார்க்கிறது. அந்த லாரியை அந்த நேரத்தில் அந்தச் சுமையோடு அனுப்பி வைத்தவர் அந்தப் பார்வைக்கு வெளியே எங்கோ நிற்கிறார்.

தமிழில் 'நிறுத்துவது' என்றால் ஓடுவதை நிற்க வைப்பதும் உண்டு, எடை போடுவதும் உண்டு. பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டில் நிறுத்தல் அளவை, முகத்தல் அளவை என்று படித்திருப்போம். லாரி விஷயத்தில் நாம் யாரை நிறுத்துகிறோம், எதை நிறுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

முதலில் சட்டம் கவலைப்பட்டது சரக்கைப் பற்றி. 1865-இல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டம், வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிறவர் அதைத் தொலைத்தால் யார் ஈடு கட்டுவது என்பதை முடிவு செய்தது. மாட்டு வண்டியும் படகும் ஓடிய காலம். அந்தச் சட்டம் சாதாரண ஆயுள் வாழவில்லை. 2007-இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றி, அது 2011 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வரும்வரை, டாரஸ் லாரிகளும் அந்த மாட்டு வண்டிச் சட்டத்தின் கீழ்தான் சரக்கு சுமந்தன.

வண்டியைப் பற்றிய கவலை தனிப் பாதையில் வளர்ந்தது. 1914-இல் முதல் அகில இந்திய மோட்டார் வாகனச் சட்டம். 1939-இல் அதைவிடப் பெரிய சட்டம். டிரைவரும் மனிதன், அவனுக்கும் தூக்கம் வரும் என்பதை 1939 சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது: தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதை 8 மணி, 48 மணி என்று குறைத்தது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1961 சட்டம் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு என்று எழுதப்பட்டது. ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு கிளீனர்: 2 பேர். இரண்டு லாரி என்றால் 4 பேர். அதாவது இரண்டு லாரி வைத்திருந்த முதலாளி கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பிவிட்டார். இந்தியாவில் லாரித் தொழில் பெரும்பாலும் இப்படி ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களால் நடப்பது. நேரக் கணக்கு எல்லா டிரைவருக்கும் பொருந்தும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது, சரி. ஆனால் அந்த நேரத்தை எழுதி வைக்கும் பதிவேடும், அதைப் புரட்டிப் பார்க்க வரும் ஆய்வாளரும் 5 பேர் கோட்டுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள்.

நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், ஒருவர் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2018 திருத்தத்தில் இரண்டு டிரைவர் நிபந்தனையும் போய்விட்டது. கிளீனர்கள் அதற்கு முன்பே குறைந்துபோனார்கள். இன்று இரவில் எதிரே வரும் பல லாரிகளில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது.

*

சுமைக்கு வருவோம். 1988 சட்டத்தின் 113ஆம் பிரிவு எடை வரம்பை வகுக்கிறது. 114ஆம் பிரிவு, சந்தேகப்பட்டால் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப் போகச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 194ஆம் பிரிவு அபராதம்: முன்பு 2,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 1,000. 2019 செப்டம்பர் 1 முதல் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. 10 டன் கூடுதலாக ஏற்றியவருக்கு 12,000 ரூபாயாக இருந்த கணக்கு 40,000 ஆனது.

அபராதம் கட்டிவிட்டு அதே சுமையோடு கிளம்பிப் போகும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005-இல் பரம்ஜித் பாசின் வழக்கில் தடுத்தது. கூடுதல் சுமையை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்றது தீர்ப்பு. நடுச்சாலையில் 8 டன் மணலை எங்கே இறக்குவது, யார் காவல் காப்பது என்று கேட்டால் எந்தச் செக்போஸ்ட்டிலும் பதில் கிடைக்காது.

2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பையே உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 ஆனது. பார்த்தால் சின்ன உயர்வு. சாலைப் பொறியாளர்கள் கையில் ஒரு பழைய விதி இருக்கிறது: 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டி ஓட்டிச் சாலையை உடைத்துப் பார்த்த சோதனையிலிருந்து வந்தது. அச்சுச் சுமை கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியில் கூடும். 10.2 என்பது 11.5 ஆனால் சுமை 13 சதவீதம்தான் கூடுகிறது, சேதமோ ஏறத்தாழ 60 சதவீதம். நேற்றுவரை ஓவர்லோடாக இருந்த ஒரு பகுதி, ஒரு அறிவிக்கையில் சட்டப்படியான சுமையாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் அளவையிலேயே இருக்கிறது. சட்டம் டன்னில் பேசுகிறது. மணல் வியாபாரம் யூனிட்டில் பேசுகிறது. ஒரு யூனிட் 100 கன அடி. அது முகத்தல் அளவை. காய்ந்த மணல் என்றால் ஒரு யூனிட் நாலரை டன் பக்கம் வரும். ஆற்றிலிருந்து அப்போதே அள்ளிய ஈர மணல் அதைவிடக் கனக்கும். வாங்குகிறவருக்கு அதே 'மூணு யூனிட்', விற்கிறவருக்கும் அதே 'மூணு யூனிட்'. கூடுதல் கனத்தை அறிந்தது பிரேக்கும் டயரும் மட்டும்தான்.

கரும்பில் கதை தலைகீழ். விவசாயிக்கு டன் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும் என்பதால் நெல்லிக்குப்பம் தொடங்கி எந்தச் சர்க்கரை ஆலையிலும் உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியும் எடை மேடை ஏறுகிறது. வண்டி எண், தேதி, சுமையோடு எடை, காலி எடை எல்லாம் கிலோ சுத்தமாகச் சீட்டில் விழுகிறது. சாலையில் எத்தனை வண்டி எவ்வளவு கூடுதல் சுமையோடு வந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் கிடையாது. ஆனால் அந்தச் சீட்டு பணப் பட்டுவாடாவுக்கானது. சரக்கை நிறுக்கும் தராசு நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது. பாதுகாப்புக்காக அதைப் படிக்கும் கண்தான் இல்லை.

*

அமெரிக்காவில் வேறு வழி பிடித்தார்கள். 1935-லேயே அங்கே லாரி கம்பெனிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. இன்று மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரியின் கதவில் ஓர் எண் எழுதியிருக்கும். அது வண்டியின் எண் அல்ல, கம்பெனியின் எண். வழியில் எந்த மாநிலத்தில் சோதித்தாலும், குறை கண்டாலும், விபத்து நடந்தாலும் அந்த எண்ணின் கணக்கில் ஏறும். 2010 டிசம்பரில் தொடங்கிய மதிப்பீட்டு முறை அந்தக் கணக்கை 7 தலைப்பில் பிரிக்கிறது: ஆபத்தான ஓட்டம், வேலை நேரம், டிரைவர் தகுதி, போதை, வண்டிப் பராமரிப்பு, அபாயகரமான சரக்கு, விபத்துகள். ஒத்த கம்பெனிகளோடு ஒப்பிட்டு யார் மோசமோ அவர்கள் அலுவலகத்துக்கே அதிகாரி போகிறார்.

அங்கேயும் சண்டை ஓயவில்லை. சின்னக் கம்பெனிக்கு வருஷத்தில் நாலைந்து சோதனைதான் நடக்கும், அதில் ஒன்று தப்பினால் மதிப்பெண் கவிழ்ந்துவிடுகிறது என்று புகார். 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சரக்கு கம்பெனிகளின் ஒப்பீட்டு மதிப்பெண்ணைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2017-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் கழகங்களின் குழு முறையை ஆராய்ந்து, தரவின் தரத்தை மேம்படுத்தச் சொன்னது.

இங்கே அந்தச் சண்டைக்கே இடமில்லை. கம்பெனிக்கென்று மதிப்பெண் இருந்தால்தானே! 2022-இல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் 17,884 பேர். மத்திய அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இறப்பை மாநிலவாரியாக, வாகனவாரியாக, சாலைவாரியாகப் பிரித்துத் தருகிறது. எந்தச் சரக்கு நிறுவனத்தின் லாரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அதில் தேட முடியாது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கால்தான் உச்ச நீதிமன்றம் 2014-இல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2015-இல், ஓவர்லோடு உள்ளிட்ட குற்றங்களுக்கு லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் முடக்கச் சொன்னது. நோக்கம் நல்லது. விழுந்த இடம் பழைய இடம். லாரி ஓட்டிய என் சித்தப்பா சொன்னார்: "லோடு ஏத்துனது மொதலாளி. முடியாதுன்னா அடுத்த டிரிப் வேற ஆளு. மூணு மாசம் பேட்டா இல்லாம வீட்டுல ஒக்காந்தது நானு. வண்டி மறுநாளே ரோட்டுக்குப் போயிடுச்சிப்பா."

சட்டத்தில் சொல் இல்லாமல் இல்லை. டிரைவர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவிலோதான் கூடுதல் சுமை ஏறியது என்று நீதிமன்றம் கருதலாம் என 113ஆம் பிரிவே சொல்கிறது. 2007 சட்டமும் சரக்கு நிறுவனம் பதிவுச் சான்றில் உள்ள எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. ஆனால் இரவு 2 மணிக்குச் சாலையில் கையில் அகப்படுவது டிரைவர் ஒருத்தர்தான்.

அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. ஒற்றை லாரிக்காரர் தானே முதலாளி, தானே டிரைவர். மதிப்பெண் போட்டால் அதுவும் அவர் தலையில்தான் விடியும். ஆஸ்திரேலியாவில் வேறு யோசனை செய்தார்கள்: சரக்கை அனுப்புகிறவர், ஏற்றுகிறவர், நேரம் குறிக்கிறவர், பெற்றுக்கொள்கிறவர் என்று சங்கிலி முழுவதும் பொறுப்பு. 2018 அக்டோபர் முதல் அந்தக் கடமை இன்னும் இறுக்கப்பட்டது.

நமக்கு இது ஒத்துவரும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கணக்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆலை எடைச் சீட்டு இருக்கிறது. வண்டிப் பதிவு கணினியில் இருக்கிறது. ஜிஎஸ்டியின் இ-வே பில் அனுப்புகிறவர், பெறுகிறவர், வண்டி எண், தூரம் எல்லாவற்றையும் கேட்கிறது. அந்த பில்லுக்கு ஆயுள்கூட உண்டு: முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றிருந்தது, 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வரிக்காக லாரியின் நேரத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு, அதே லாரியை ஓட்டுகிறவரின் தூக்கத்தை எண்ணுவது பெரிய கணிதமா?

2023 ஜனவரி 3 அதிகாலை, நம் மாவட்டத்து வேப்பூர் அருகே லாரிகளும் பேருந்துகளும் காரும் ஒன்றன்மேல் ஒன்று மோதின. காரில் இருந்த 5 பேர் இறந்தார்கள். இப்படி எந்த விபத்து நடந்தாலும் மறுநாள் செய்தியில் ஓட்டுநர் மீது வழக்குப் பதிவு, ஓட்டுநரிடம் விசாரணை என்று படித்துப் பழகிவிட்டோம். அந்த வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரி வரவேண்டும்: வண்டி எங்கே லோடு ஏற்றியது, எத்தனை டன், டிரைவர் கடைசியாகத் தூங்கியது எப்போது. மூன்றுக்கும் பதில் எங்கோ ஒரு சீட்டிலோ கணினியிலோ யாருடைய நினைவிலோ இருக்கிறது. கேட்பதற்கு ஓர் அலுவலகம் வேண்டும், அவ்வளவுதான்.