சாட்டி மணலும் செய்மதிப் படமும்: தீவகக் குடியிருப்பு ஆய்வுக்கு ஒரு முறையியற் குறிப்பு

யாழ்ப்பாணத் தீவகத்தின் பண்டைய வரலாறு நெடுங்காலமாகத் துறைமுகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்குச் சான்றுகளின் இயல்பே காரணமாகும். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைப் பற்றிப் பேசுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், பிற வணிகப் பண்டங்களாயின் சரிபாதியும் அரச பண்டாரத்துக்குரியன என விதிக்கின்றது. அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் ஆராய்ந்த சீன மட்கலங்களும் அக்கடல் வணிகத்தின் எச்சங்களே. ஆயின், அப்பண்டங்களைச் சுமந்திறக்கியோர் எங்கே குடியிருந்தனர், எந்த நீரைக் குடித்தனர் என்பதற்கு இச்சான்றுகளில் விடையில்லை.

வேலணைத் தீவின் கடலோரத்துச் சாட்டி இங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றது. பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்கள் கிடைத்த இடம் அது. தீவகத்தில் நன்னீருக்குப் பேர்போன இடமும் அதுவே. இவ்விரண்டும் தற்செயலாய்ச் சேர்ந்தவையல்ல. மாரி மழையை மணற்குன்று உறிஞ்சி வைத்துக்கொள்ள, அந்நீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. மணல் தாழ்ந்தால் நீரும் தாழும்.

தொலையுணர்வு முறை இத்தகைய நிலத்துக்கு மிகவும் பொருந்துவது. ஆடி, ஆவணியில் எடுக்கப்பட்ட படத்தில் சூழவுள்ள புல்தரை வெளிறிக் கிடக்க, அடிநீர் எட்டும் இடங்களில் மட்டும் பசுமை நிற்கும். அண்மை அகச்சிவப்புக் கதிரில் அது மேலும் துலக்கமாகும். பழைய குடியிருப்பைத் தேடுவோன் முதலில் நடக்கவேண்டிய இடம் அதுவே. எனினும் கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். 1972இல் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற்றின் ஒரு படக்கூறு ஏறத்தாழ 80 மீற்றர். கிணறும் பனையும் வேலியுமாக ஒரு வளவு முழுவதும் அதற்குள் மறைந்துவிடும். சென்ரினல்–2 அதனை 10 மீற்றராகக் குறைத்துள்ளது. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடர் மூலம் பெற்ற உயர அளவீடுகளோ, சில மீற்றர் உயரமேயுள்ள குன்றுக்குப் போதா. பனங்கூடலின் தலையையும் அவை நிலமென்றே கொள்ளக்கூடும்.

இவற்றினும் பெரிய இடர் வாசிப்பில் உள்ளது. 1990இல் போரினால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். கைவிடப்பட்ட தோட்டத்திற் பற்றை மண்டும்; படத்தில் அது பசுமை கூடியதாகவே தெரியும். பசுமையைச் செழிப்பெனக் கொள்பவன் மக்களின் அவலத்தை வளர்ச்சியென்று எழுதிவிடுவான். அவ்வாறே, நன்னீர் இருக்குமிடத்தைப் படம் காட்டும். அதை அள்ளும் உரிமை எவருக்கிருந்தது என்பதைக் காட்டாது. யாழ்ப்பாணச் சமூகத்திற் பஞ்சமருக்கு மறுக்கப்பட்ட நீருரிமையைப் பொருளாகக் கொண்ட கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல், இவ்வகையில் எந்தச் செய்மதியும் தராத சான்று. திணை என்பதே வெறும் நிலப்படமன்று. நிலமும் உற்பத்தி முறையும் இணைந்த சமூக வடிவம் என்பதைக் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் வற்புறுத்தியுள்ளார். நெய்தலைப் பாட்டிற் படித்த நாம் அதனைப் படத்திற் படிக்கும்போது மட்டும் மனிதரை மறந்துவிடலாகாது.

மண்கும்பான், சாட்டிப் பகுதிகளின் மணல் கட்டட வேலைகளுக்காக அகழப்பட்டு வந்துள்ளது. அகழப்படுவது மணல் மட்டுமன்று; அதனுள் கிடக்கும் ஓடுகளும், அது தாங்கும் நன்னீரும் உடன் போகின்றன. ஆகவே கனடாவின் கொழும்புத் திட்ட உதவியோடு 1956இல் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட வான் ஒளிப்படங்களே இன்று முதற்சான்றாகின்றன. அவற்றையும் அண்மைப் படங்களையும் ஒப்பிட்டு, அன்று மேடாயிருந்து இன்று பள்ளமாகியுள்ள ஒவ்வோரிடத்தையும் குறித்தல் வேண்டும். அங்கிருந்த ஓடுகள் எந்த வீட்டு அத்திவாரத்துக்குட் போயின என்பதை மணல் ஏற்றிய கூலியாட்களிடந்தான் கேட்டறிய வேண்டியிருக்கும்.